சிப்பிக்குத் தடி நடலாம், தண்ணீரை யார் காப்பது?

"தம்பி, அட்டைக்கு வேலி போட்டினம். இப்ப சிப்பிக்கும் போடப் போகினமோ?"

யாழ்ப்பாணக் களப்பின் கரையிலுள்ள ஒரு கிராமத்தின் வாசிகசாலையில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். சிப்பி வளர்ப்பு பற்றிய பேச்சு ஊருக்குள் வந்திருந்தது. "தீன் போடத் தேவையில்லை, செலவு குறைவு, ஹோட்டல்காரர் வாங்குவார்கள்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதுபற்றிக் கதைக்கத்தான் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கேள்வி கேட்ட அக்காவின் கணவர் 2009 இல் காணாமலாக்கப்பட்டவர். தண்ணீர் வற்றிய நேரங்களில் முழங்காலளவு சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கியும் நண்டு பிடித்தும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் படகு இல்லை, வலை இல்லை. ஆதலால் கடற்றொழிலாளர் சங்கத்தில் அங்கத்துவமும் இல்லை. அரசாங்கத்தின் எந்தப் பதிவிலும் அவர் கடற்றொழிலாளி அல்ல. ஆனால் களப்பில் எந்த இடத்தில் எந்த மாதம் எது கிடைக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு.

அவருடைய கேள்விக்கு அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

அட்டைப் பண்ணைகள் விட்டுச்சென்ற பாடம்

சிப்பியைப் பற்றிப் பேசுமுன் கடலட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும். மக்கள் மனதில் இருக்கும் பயம் அங்கிருந்துதான் வருகிறது.

2022 இல் நாடு டொலர் இல்லாமல் தத்தளித்தபோது வடக்கின் களப்புகள் திடீரெனக் கொழும்பின் கண்ணில் பட்டன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பாரிய கடலட்டை வளர்ப்புக்கு அந்த ஆண்டு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே கௌதாரிமுனையில் சீனத் தனியார் நிறுவனமொன்று அமைத்த பண்ணை பெரும் சர்ச்சையாகியிருந்தது. 2022 இன் பிற்பகுதியில் கிராஞ்சி, இலவங்குடா மக்கள் தங்கள் கடலில் பண்ணைகள் வேண்டாமென்று மாதக்கணக்கில் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

இதில் இரண்டு பக்கமும் உண்டு. பண்ணை வைத்த உள்ளூர்க்காரர் சிலர் கடனை அடைத்தார்கள், வீடு கட்டினார்கள். அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. அதேவேளை வேலி போட்ட இடங்களில் படகுப் பாதை மறிபட்டது. களங்கண்டி வலை போட்டுவந்தவர்கள் இடம்மாற வேண்டியிருந்தது. சாதாழைப் படுக்கைகளில் வளரும் மீன்குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் தேடப்படவில்லை. அனுமதிப்பத்திரம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே குடும்பத்தில், முகம்பார்க்காமல் இருக்கும் நிலை வந்தது.

என் பார்வையில் அங்கே பிழைத்தது அட்டை அல்ல. முதலில் வேலி, பிறகு கேள்வி என்ற ஒழுங்குதான் பிழைத்தது. சிப்பி விடயத்திலும் அதே ஒழுங்கைப் பின்பற்றினால் விளைவு இன்னும் மோசமாகும். ஏன் என்பதற்குச் சிப்பியின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

சிப்பி எப்படி வளர்கிறது

நான் இங்கே சொல்வது முத்துச் சிப்பியை அல்ல, உணவுக்கான சிப்பியை. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களிலும் களப்புகளிலும் கல்லிலும் கண்டல் வேரிலும் ஒட்டிக் கிடக்கும் இனம். அதன் குடம்பிகள் இரண்டு மூன்று வாரங்கள் தண்ணீரில் மிதந்து திரியும். பிறகு கடினமான ஏதாவதொன்றில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் சாகும்வரை இடம்மாறாது.

வளர்ப்பு முறை இந்த இயல்பைப் பயன்படுத்துகிறது. வெறும் சிப்பி ஓடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, குடம்பிகள் மிதக்கும் காலத்தில் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். குஞ்சுகள் அதில் ஒட்டும். தடி நட்டு, குறுக்குத் தடி கட்டிப் பந்தல் போல ஆக்கி, அதில் அந்தக் கயிறுகளைத் தொங்கவிட்டால் ஏழெட்டு மாதங்களில் அறுவடைக்கு வரும். தீன் போடுவதில்லை. தண்ணீரிலுள்ள நுண்பாசிகளை வடித்துத் தின்றே சிப்பி வளர்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. எங்களுக்கு எதிர்க்கரையான தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் இந்த முறையைப் பரீட்சித்தது. 1990களில் அது கேரளத்தின் கழிமுகங்களுக்குப் போனது. இன்று அங்கே பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பல இதைச் செய்கின்றன. மழைக்காலம் முடிந்தபின் கயிறு இறக்கி, அடுத்த மழை தொடங்குமுன் மே மாதமளவில் அறுவடையை முடித்துவிடுவார்கள். இலங்கையிலும் புத்தளம் களப்பில் கலா ஓயா வந்து கலக்கும் கங்கேவாடியில் சிறிய அளவில் சிப்பி வளர்க்கிறார்கள்.

ஆகவே "இது முடியுமா?" என்பது கேள்வியல்ல. முடியும். எந்தத் தண்ணீரில், எவ்வளவு, யாருடைய கையில் என்பதே கேள்வி.

தண்ணீர் எப்படியோ சிப்பி அப்படி

சிப்பி ஒரு வடிகட்டி. ஒரு மணித்தியாலத்தில் பல லீற்றர் தண்ணீரைத் தன் உடலுக்குள் இழுத்து வெளியே விடும். இதனால் கலங்கிய தண்ணீர் தெளியும் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தண்ணீரில் மலக்கழிவின் பற்றீரியாவோ வைரசோ ஈயமோ இருந்தால் அதையும் அது தன் சதைக்குள் சேர்த்துக்கொள்ளும். மீனைக் கழுவிக் குடல் எடுத்துச் சமைக்கிறோம். சிப்பியை முழுதாகத் தின்கிறோம். வெளிநாடுகள் பலவற்றில் பச்சையாகவும் தின்கிறார்கள்.

அதனால்தான் ஐரோப்பாவில் சிப்பியை மட்டுமல்ல, அது வளரும் தண்ணீரையும் தரம் பிரிக்கிறார்கள். 100 கிராம் சதையில் ஈ.கோலி பற்றீரியா பெரும்பாலான மாதிரிகளில் 230 ஐத் தாண்டாத பகுதியே முதல்தரம். அதிலிருந்து மட்டும் சிப்பியை நேரடியாக விற்கலாம். அதற்குக் கீழென்றால் சுத்தமான நீர்த்தொட்டியில் வைத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். அந்தத் தொட்டியிலும் பற்றீரியா போகுமே தவிர, வைரஸ் முழுவதும் போகாது, உலோகம் போகவே போகாது.

இப்போது எங்கள் களப்பைப் பாருங்கள். யாழ்ப்பாண நகரத்துக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. வீடுகளின் மலக்குழிகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகின்றன. மழைக்கு நகரின் வாய்க்கால்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு களப்புக்குத்தான் வருகின்றன. அந்த வாய்க்கால் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் தடி நட்டுச் சிப்பி வளர்த்தால், அதைச் சாப்பிட்ட நாலு பேர் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் வடக்கின் சிப்பி முழுவதற்கும் சந்தை மூடிவிடும். வாய்க்காலில் கழிவை விட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. கடன் வாங்கித் தடி நட்டவர்தான் தெருவுக்கு வருவார்.

அடுத்தது உவர்த்தன்மை. எங்கள் களப்பு 400 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்தது, ஆனால் பெரும்பகுதி ஆழமில்லாதது. வருடம் முழுவதும் பாயும் ஆறு எதுவும் அதில் விழுவதில்லை. மாரியில் மழைநீர் நிறைந்து உப்புக் குறையும். ஆவணி, புரட்டாதியில் சில மூலைகளில் கடலைவிட உப்புக் கூடும். இரண்டும் எல்லை மீறினால் சிப்பி வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும், நீடித்தால் செத்துப்போகும். கேரளத்தின் பருவ அட்டவணையை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. அவர்களுக்கு ஆனியில் பெருமழை, எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்.

இதோடு எங்கள் வீதிகளும் சேர்கின்றன. ஆனையிறவு, பண்ணை, பொன்னாலை என்று களப்பைக் குறுக்கறுத்துப் போட்ட தாம்போதிகள் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டன. ஓட்டமில்லாத தண்ணீரில் சிப்பிக்கு உணவும் வராது, அதன் கழிவும் போகாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டம் இன்றும் பேசப்படுகிறது. ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கிக் குடாநாட்டின் நிலத்தடி நீரைக் காப்பது அதன் நோக்கம். கிணறு உவராகிப்போன விவசாயிக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் தண்ணீர் நன்னீரானால் அங்கே சிப்பி இல்லை, இறாலும் இல்லை. ஒரே களப்பை ஒரு திணைக்களம் நன்னீராக்கத் திட்டமிட, மற்றொரு திணைக்களம் உவர்நீர்ப் பண்ணைக்கு அனுமதி கொடுப்பது வேடிக்கையல்ல. அப்படி நடந்தால் நடுவில் நின்று நட்டப்படப் போவது கரையோரச் சனம்.

எவ்வளவு என்ற கேள்வி

தீன் போடாத பண்ணையால் சூழலுக்குக் கேடில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஒரு களப்பில் உள்ள நுண்பாசிக்கும் ஓர் அளவு உண்டு. பந்தல்கள் அளவுக்கு மீறினால் வளர்க்கும் சிப்பியும் மெலியும், சேற்றில் இயற்கையாகக் கிடக்கும் மட்டியும் பட்டினி கிடக்கும். பந்தலின் கீழ் சேரும் கழிவு அடிமண்ணைக் கறுப்பாக்கும். அதாவது அந்த அக்கா பொறுக்கும் மட்டிக்கும் பண்ணைச் சிப்பிக்கும் ஒரே சாப்பாடு.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அறிய வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 1980களிலும் 90களிலும் சிலாபம் முதல் புத்தளம் வரை இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகள் அழிந்தன. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயை அண்டிய பண்ணைகளில், ஒருவர் வெளியேற்றிய கழிவுநீரே அடுத்தவர் உள்ளெடுத்த நீரானது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணைக்குப் பண்ணை தாவியது. ஏராளமான குளங்கள் இன்றும் பயனற்று வெடித்துக் கிடக்கின்றன. அதன் பிறகுதான் எந்த வலயம் எப்போது இறால் விடலாம் என்ற அட்டவணை வந்தது. அழிந்தபின் வந்த ஒழுங்கு அது. எங்களுக்கு அழியுமுன்னே அந்த ஒழுங்கு வேண்டும்.

யாருடைய களப்பு

நான் இந்தக் களப்பை முதலில் அறிந்தது 1993 இல், கிளாலியில், இரவில். அம்மாவின் மடியில் படகின் அடியில் படுத்திருந்தேன். இயந்திரச் சத்தத்தைவிட அம்மாவின் நெஞ்சுச் சத்தம் கூடவாகக் கேட்டது. இதை வாசிக்கும் பலருக்கும் அப்படியொரு இரவு இருக்கும். போர்க்காலத்தில் தடையும் பாஸும் பாதுகாப்பு வலயமுமாகக் களப்பு எங்களுக்கு அடைபட்டுக் கிடந்தது. போர் முடிந்தபின் திறந்த கடலில் இந்திய இழுவைப் படகுகள் வலையையும் வளத்தையும் அள்ளிக்கொண்டு போக, சிறுதொழில் செய்வோருக்கு மிஞ்சியது இந்தக் களப்புதான். அதனால்தான் இங்கே ஒரு வேலி விழும்போது அது ஒரு ஏக்கர் கணக்காக மட்டும் எங்களுக்குப் படுவதில்லை.

பண்ணைக்கான கோடு மட்டுமல்ல, பாதுகாப்புக்கான கோடும் தூரத்தில் இருந்துதான் போடப்படுகிறது. 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அபிவிருத்தி என்று வந்தாலும் சூழல் என்று வந்தாலும் வரைபடம் முடிந்தபின்னரே மக்களுக்குத் தெரியவருகிறது.

சிப்பிப் படுக்கையைக் கம்பனியிடம் ஒப்படைத்த அனுபவமும் எங்கள் கடலுக்கு உண்டு. மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிப் படுக்கைகளைப் பிரித்தானிய அரசாங்கம் 1906 இல் 20 வருடக் குத்தகைக்கு ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அமோக விளைச்சல் இருந்தது. 1907 இன் பிறகு அந்த நிறுவனத்தால் முத்துக்குளிப்பு எதையும் நடத்த முடியவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே நிறுவனம் கலைந்தது. இயற்கையின் ஏற்ற இறக்கமும் அதில் உண்டு. ஆனால் கம்பனிக்குக் கலைந்துபோகும் வசதி இருந்தது. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கரையை நம்பி வாழ்ந்த சனத்துக்கு அது இருக்கவில்லை.

மாறாக, கூட்டாகக் காத்த உதாரணங்களும் உண்டு. நீர்கொழும்புக் களப்பில் இறாலுக்கு வலை கட்டும் இடங்களைத் தொழிலாளர் சங்கங்கள் தலைமுறைகளாகச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்கின்றன. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் 1990களில் மட்டி வளம் சரிந்தபோது, வலைக்கண் அளவு வரையறுக்கப்பட்டது. மார்கழி முதல் மாசி வரை அள்ளுவது நிறுத்தப்பட்டது. 2014 இல் அந்தத் தொழில் இந்தியாவிலேயே முதலாவதாக எம்.எஸ்.சி என்ற சர்வதேச நிலைபேற்றுச் சான்றிதழைப் பெற்றது. அங்கும் எல்லாம் சுபம் அல்ல. அண்மை ஆண்டுகளில் அந்நிய மட்டியினம் ஒன்று பரவி அந்தக் காயலைப் பெரிதும் பாதித்திருக்கிறது. நல்ல நிர்வாகம் இருந்தாலும் ஆபத்து வரும். நிர்வாகம் இருந்தால் ஆபத்தை முதலில் காண்பதற்கு ஆள் இருக்கும்.

சந்தையில் ஒரு முடிச்சு

கடலட்டையைக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். விலை பிடிக்காவிட்டால் காத்திருக்கலாம். சிப்பியை அப்படிச் செய்ய முடியாது. தண்ணீரை விட்டு எடுத்தால் குளிரில் சில நாள், வெயிலில் அதுவுமில்லை. எங்கள் வீடுகளில் சிப்பி சமைப்பவர்கள் குறைவு. வாங்குவோர் கொழும்பிலும் தெற்குக் கரையிலும் உள்ள ஹோட்டல்காரர். வாங்குபவர் ஒருவர், விற்பவர் நூறுபேர், பொருளோ நாளைக்குப் பழுதாகும் என்றால் விலையை யார் தீர்மானிப்பார்? மழை வருமுன் அறுவடை செய்தே ஆகவேண்டும் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

முதலில் கேட்க வேண்டியவை

2024 இல் ஆட்சி மாறியது, அமைச்சரும் மாறினார். திணைக்களங்களின் பழக்கமும் மாறவேண்டும். சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் ஒரு பகுதியை முகாமைத்துவப் பிரதேசமாக அறிவிக்கவும், தொழிலாளர் குழுக்களை அமைக்கவும் வழி தருகிறது. அந்த வழியில் போனால், ஒரு தடி நடுமுன்னே நாங்கள் கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, தண்ணீர். குறைந்தது ஒரு முழு வருடம், மாரியும் கோடையும் சேர, உவர்த்தன்மையும் பற்றீரியாவும் உலோகமும் அளக்கப்பட வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். ஆட்களும் அறிவும் இங்கேயே உண்டு. முடிவுகள் தமிழில் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, வரைபடம். படகுப் பாதை, களங்கண்டி இடங்கள், சாதாழைப் படுக்கை, பெண்கள் மட்டி பொறுக்கும் சேறு எல்லாம் ஊர்ச் சனம் சொல்லச்சொல்ல வரையப்பட வேண்டும். மிஞ்சும் இடம்தான் பண்ணைக்கு.

மூன்றாவது, எல்லை. விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் பார்க்காமல், களப்பின் ஒரு கைக்கு மொத்தம் எத்தனை பந்தல் என்று முதலே முடிவாக வேண்டும். சிறிதாகத் தொடங்கி, மட்டியோ மீன்குஞ்சோ குறைந்தால் நிறுத்துவது என்ற விதியும் எழுத்தில் வேண்டும்.

நாலாவது, உரிமை. அனுமதிப்பத்திரம் அந்தக் கரையில் வாழும் குழுக்களுக்கே. விற்கவோ கைமாற்றவோ முடியாது. படகில்லாத பெண்களுக்கு அதில் எழுதப்பட்ட பங்கு. கம்பனி வரட்டும், வாங்கட்டும். தண்ணீரைச் சொந்தமாக்க வேண்டாம்.

ஐந்தாவது, சந்தை. தூய்மைப்படுத்தும் தொட்டியும் குளிர்ப்பெட்டியும் கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும். விலை ஒப்பந்தம் அறுவடைக்குப் பிறகல்ல, கயிறு இறக்குமுன்.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் முதலீடு வராது" என்று சொல்வார்கள். வரட்டும் வராமல் போகட்டும். தண்ணீரைச் சோதிக்காமல் வரும் முதலீடு சிப்பிக்கு நிற்காது. இதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. அட்டைப் பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே நடப்பதைப் பார்க்காமல் கொஞ்சக் காலம் ஓட்டலாம். சிப்பிப் பண்ணைக்காரரால் முடியாது. மேலே வாய்க்காலில் யார் எதை விட்டாலும் அது அவருடைய கயிற்றில் தெரியும். ஆகவே நகரத்தின் கழிவைப் பற்றி மாநகரசபையிடமும், தாம்போதிகளின் மதகுகளைப் பற்றி வீதித் திணைக்களத்திடமும் கேள்வி கேட்க வேண்டிய ஒரு கூட்டம் கரையில் உருவாகும். அந்தக் கூட்டம் உருவாகுமானால், சிப்பியின் வருமானத்தைவிட அதுதான் களப்புக்குப் பெரிய இலாபம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அக்கா சைக்கிளில் வாளியைக் கொழுவிக்கொண்டு நின்றார். தண்ணீர் வற்றும் நேரம் நெருங்கியிருந்தது.

"சிப்பி வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, தம்பி. சேத்துக்குள்ள நிக்கிற எங்களையும் ஒருக்காக் கேட்டிட்டு நடச்சொல்லுங்கோ. எங்க நட்டா நிக்கும், எங்க நட்டா சாகும் எண்டு எங்களுக்குத் தெரியும்."

அனுமதிப்பத்திரப் படிவத்தில் அந்த அறிவை எழுதுவதற்கு இடமில்லை. முதலில் அந்த இடத்தைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.